கடைசிப் பக்கத்தில் யாரும் சாக வேண்டாம்

போன மாதம் எங்கள் பூங்கா பெஞ்சில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளி நான். கையும் களவுமாகப் பிடிபட்டது என் மடியில் இருந்த கிண்டில்.

காலை நடை முடிந்து மூச்சு வாங்க உட்காரும்போது, இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஆறேழு பேர், எல்லோரும் பென்ஷன்காரர்கள். ஒருவர் 'பொன்னியின் செல்வ'னை ஒன்பதாவது தடவையாக ஆரம்பித்திருந்தார். இன்னொருவர் ஏதோ அரசியல்வாதியின் சுயசரிதை. என் முறை வந்ததும் வாயைக் கட்டுப்படுத்தாமல் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போற இடத்துல வர்ற காதல் கதை சார். காதலிக்கிற ரெண்டு பேரும் ஆம்பளைப் பசங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "இந்த வயசுல ஏம்மா உங்களுக்கு இதெல்லாம்?" என்றார். அவரை விட்டுவிடலாம். என்ன படித்தாலும் அதைத்தான் கேட்பார். என்னைக் குத்தியது எங்கள் கூட்டத்திலேயே நிறையப் படித்தவரான பேராசிரியர் சொன்னது. நல்ல மனிதர், மரியாதையாகத்தான் சொன்னார். "மேடம், எனக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா படிக்கறதுன்னா நல்ல இலக்கியமாப் படிங்க. 'ப்ரோக்பேக் மவுன்டன்' படிங்க. அதுல ஒரு துயரம் இருக்கு, ஆழம் இருக்கு. நீங்க படிக்கிறது கடைசியில 'சுபம்' போடற கதை."

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

'ப்ரோக்பேக் மவுன்டன்' நானும் படித்திருக்கிறேன், சார். ஆனி ப்ரூ 1997-இல் எழுதிய சிறுகதை. 2005-இல் படமாகவும் வந்தது. மலையில் ஆடு மேய்க்கப் போகும் இரண்டு வாலிபர்கள். இருபது வருஷம் ஒளிந்து ஒளிந்து சந்திக்கிறார்கள். ஒருவன் செத்துப்போகிறான். மற்றவனுக்கு மிஞ்சுவது ஒரு சட்டைக்குள் மாட்டிய இன்னொரு சட்டை. நானும் அழுதேன். அது நல்ல கதை என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. என் சண்டை வேறு. ஆணும் பெண்ணும் காதலித்துக் கல்யாணத்தில் முடியும் கதையை வாழ்நாள் முழுக்கப் படித்தவள் நான். கல்லூரி நாளில் வாடகை நூலகத்தில் எடுத்துப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த மில்ஸ் அண்ட் பூன், வேலைக்குப் போன பிறகு மதிய இடைவேளையில் ரமணிசந்திரன். அப்போதெல்லாம் "இதில் துயரம் இல்லையே, ஆழம் இல்லையே" என்று யாராவது என்னைக் கேட்டிருக்கிறார்களா? பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்கள் என்றதும் மட்டும் ஒருவன் சாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். செத்தால் இலக்கியம், பிழைத்தால் குப்பை. இது என்ன நியாயம்?

நான் இந்தப் பக்கம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் படுத்திருந்தபோது என் தங்கை மகள் தன் கிண்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் டி.ஜே. க்ளூன் எழுதிய 'தி ஹவுஸ் இன் தி செருலியன் ஸீ' இருந்தது, 2020-இல் வந்த நாவல். மாயாஜாலக் கதை என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். முதல் அத்தியாயத்திலேயே என்னைப் பிடித்துப் போட்டது மாயாஜாலம் இல்லை, அதன் நாயகன். லைனஸ் பேக்கர், நாற்பது வயது அரசாங்க ஊழியர். பதினேழு வருஷமாக ஒரே துறை. ரத்தக்கொதிப்பு உண்டு. வீட்டில் ஒரு பூனை. மழை பெய்கிற நாளில் குடையை மறந்துவிடுவார். விதிமுறைப் புத்தகத்தைப் பயணத்துக்கும் தூக்கிக்கொண்டு போவார். ஐயோ, இது நான்தானே என்று தோன்றியது. ஒரு தீவில் இருக்கும் அநாதை இல்லத்தை ஆய்வு செய்து அறிக்கை எழுத அவரை அனுப்புகிறார்கள். அங்கே இருக்கிற குழந்தைகளில் ஒன்று சாத்தானின் பிள்ளை, வயது ஆறு. அந்த இல்லத்தை நடத்தும் ஆர்தர் என்பவரிடம் நம் லைனஸ் கொஞ்சம் கொஞ்சமாக மனதைக் கொடுக்கிறார். எந்த விதியில் இது வரும் என்று பாவம் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிற ஜாதி.

அதை முடித்துவிட்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று போனேன். அமெரிக்க ஜனாதிபதியின் மகனும் இங்கிலாந்து இளவரசனும் காதலிக்கிற 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' படித்தேன். மந்திரவாதிகள், ராஜகுமாரர்கள், துப்பறிகிறவர்கள் என்று ஒரு வரிசை. பிறகு பண்டிகைக் காதல் கதைகள், அது ஒரு தனிக் கிளை. பனியில் மாட்டிக்கொண்ட ஊர், மின்சாரம் போன விடுதி, மிச்சம் இருப்பது ஒரே அறை, அதில் ஒரே கட்டில். சிரிக்காதீர்கள். நம் படங்களில் மழையும் பாழடைந்த மண்டபமும் செய்த வேலையைத்தான் அங்கே பனியும் ஒற்றைக் கட்டிலும் செய்கின்றன.

படிக்கப் படிக்க, 'சுபம்' என்ற அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியபோது கிடைத்த ஒரு விஷயம், தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டின எனக்குச் சுருக்கென்று இருந்தது.

1952-இல் அமெரிக்காவில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்று ஒரு மலிவு நாவல் வந்தது. வின் பேக்கர் என்ற புனைபெயரில் மேரிஜேன் மீக்கர் எழுதியது. விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு பெண்களின் காதல். பதிப்பாசிரியர் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்: கதை சந்தோஷமாக முடியக்கூடாது. ஏன்? சந்தோஷமாக முடிந்தால் அந்த உறவை ஆதரிப்பதாக ஆகிவிடும், தபால் துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்துவிடும். ஆகவே ஒருத்தி மனநோய் மருத்துவமனைக்குப் போகிறாள். மற்றவள், தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று தெளிந்துவிடுகிறாள். புத்தகம் மூட்டை மூட்டையாகத் தபாலில் போனது.

இரண்டு வருஷம் கழித்து, 1954 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலஸில் 'ஒன்' என்ற சிற்றிதழைத் தபாலில் அனுப்ப முடியாது என்று அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர் நிறுத்திவைத்தார். ஆட்சேபம் எழுப்பப்பட்டவற்றில் ஒன்று ஒரு சிறுகதை. அதில் ஓர் இளம்பெண், தன்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தவனை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணோடு வாழப் போகிறாள். அவ்வளவுதான் கதை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் போஸ்ட்மாஸ்டர் பக்கம்தான் நின்றது. 1958 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நீளமான விளக்கம் ஏதுமில்லாமல் அதைத் தள்ளுபடி செய்து இதழை விடுவித்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்திய அஞ்சலகச் சட்டம் 1898, பிரிவு 20, ஆபாசமானவற்றை அஞ்சலில் அனுப்பத் தடை விதித்திருந்தது. இலாகா தேர்வுக்கு நானே மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆபாசம் என்றால் படம், வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் உயிரோடு, சேர்ந்து இருப்பதே ஆபாசம் என்று ஒரு தபால் அதிகாரி நினைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பேராசிரியர் அவர்களே, நீங்கள் சிலாகிக்கிற அந்தத் துயரத்தில் ஒரு பங்கு இப்படி வந்தது. எழுதினவர்களுக்கு ஆழம் வேண்டும் என்று தோன்றி எல்லாச் சாவையும் எழுதவில்லை. பார்சல் போய்ச் சேர வேண்டுமே என்று எழுதினார்கள். சினிமாவிலும் இதே கதைதான். விட்டோ ருஸ்ஸோ 1981-இல் 'தி செல்லுலாய்ட் க்ளாசட்' என்ற நூலின் பின்னிணைப்பாக, திரையில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் எப்படி எப்படிச் செத்தார்கள் என்று ஒரு மரணப் பட்டியலே போட்டிருக்கிறார்.

நம் கல்லூரிகளில் 'எ பாசேஜ் டு இந்தியா' பாடம் வைத்த ஈ.எம். ஃபார்ஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913, 14-இல் 'மாரிஸ்' என்ற நாவலை எழுதி முடித்துவிட்டார். ஒரு கனவான் வீட்டுப் பையனும் ஒரு வேட்டைக்காவலனும் காதலித்துச் சேர்கிற கதை. சேர்ந்துதான் ஆக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். முடிவில் தற்கொலை வைத்திருந்தால் வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். சந்தோஷமான முடிவு வைத்ததால் அதை நண்பர்களுக்கு மட்டும் காட்டிவிட்டுப் பெட்டியில் பூட்டினார். இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்தது 1967-இல். அவர் இறந்தது 1970-இல். நாவல் வெளிவந்தது 1971-இல். கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஒரு 'சுபம்' பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. ஃபார்ஸ்டருக்கு ஆழம் போதவில்லை என்று சொல்வீர்களா?

மாயக் கதைகளிலும் இதைப் பார்த்தேன். மெர்சிடிஸ் லாக்கி 1989, 90-இல் எழுதிய மூன்று நாவல்களில் வன்யெல் என்ற மந்திரவாதி நாயகன். வெள்ளைக் குதிரை மனசுக்குள் பேசும், வானத்திலிருந்து இடியை இறக்குவான். ஆனால் அவன் முதல் காதலன் தற்கொலை செய்துகொள்கிறான், கடைசியில் அவனும் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் இப்படி ஒருவனை நாயகனாக வைத்ததே பெரிய துணிச்சல்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் பேசுகிற குதிரையை நம்ப வைக்க முடிகிறது, இரண்டு ஆண்கள் ஒரே கூரையின் கீழ் கிழவர்களாவதை மட்டும் கற்பனையால் எட்ட முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து லைனஸ் பேக்கர் வருகிறார். அவருக்கு இடியெல்லாம் இறக்கத் தெரியாது. வேலையை விட்டுவிட்டு அந்தத் தீவுக்கே திரும்பிப் போய், குழந்தைகளோடு சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறார். இரண்டில் எது பெரிய மாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் தங்கம் என்று நான் சாதிக்க வரவில்லை. பத்தில் ஆறு குப்பை. அட்டையில் கழுத்துக்கு மேலே தலையில்லாத ஒரு வயிறு, அதில் ஆறு கட்டு சதை. கதையில் வரும் பெண்கள் ஒன்று வில்லி, இல்லாவிட்டால் புத்தி சொல்லும் தோழி. அந்தரங்கக் காட்சிகள் வந்தால் நான் பத்துப் பக்கம் தள்ளிவிடுவேன், கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்னொரு பெரிய தொல்லை, இரண்டு பேருமே 'அவன்'. "அவன் அவன் கையை எடுத்து அவன் தோளில் வைத்தான்" என்றால் எந்தக் கை, யார் தோள்? சில இடங்களில் பேப்பர் பென்சில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். எழுதுகிறவர்களில் பெண்கள் அதிகம், ஆண்களைப் பொம்மையாக்குகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டும் உண்டு. சில புத்தகங்களில் அது உண்மை. ஆனால் மேரி ரெனால்ட்டும் பெண்தான். இன்னொரு பெண்ணோடு தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்துகொண்டு 1953-இல் 'தி சாரியட்டியர்' எழுதினார். போர்க்கால மருத்துவமனையில் இருக்கும் அந்த ஆண்கள் யாரும் பொம்மைகள் இல்லை. ஆகவே குப்பை என்றால் குப்பை என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். சந்தோஷமாக முடிகிறது என்பதற்காகக் குப்பை என்று சொல்லாதீர்கள்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். 2018-இல் சீனாவில் ஒரு பெண்ணுக்குப் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தார்கள். ஆண்-ஆண் காதல் நாவல் எழுதித் தானே அச்சிட்டு விற்றதற்கு. நாம் அற்பம் என்கிறோம். அற்பத்துக்கு யாரும் பத்தரை ஆண்டு கொடுப்பதில்லை.

ஆனால் என் கோபம் சீனாவைப் பற்றியது இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என்னோடு கணக்குப் பிரிவில் ஒருவர் வேலை பார்த்தார். என்னைவிட ஐந்தாறு வருஷம் மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். எங்களுக்கெல்லாம் அந்த வாத்தியார் 'ரூம்மேட்'. இருபத்தெட்டு வருஷமும் ரூம்மேட்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் இவர் ஒரு பஸ்ஸில் தன் அண்ணன் வீட்டுக்குப் போவார், வாத்தியார் வேறு பஸ்ஸில் தன் அக்கா வீட்டுக்குப் போவார். மூன்றாம் நாள் ஆபீசுக்கு இரண்டு ஊர்ப் பட்சணமும் வரும். "ரெண்டு வீட்டுப் பலகாரமும் உங்க ஒருத்தருக்கா சார்?" என்று கேட்டுச் சாப்பிடுவோம். நான் அவருக்கு மூன்று ஜாதகம் கொண்டுவந்து கொடுத்தவள். ஒவ்வொன்றையும் நன்றி சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் என் மேஜைக்கு வந்து, நாமினேஷன் பற்றிக் கேட்டார். நண்பர் பேரை எழுதலாமா என்று. "ஜி.பி.எஃப்.புக்கு எழுதலாம் சார், ரூல்படி குடும்பம்னு யாரும் இல்லைன்னா யாரை வேணும்னாலும் எழுதலாம். ஃபேமிலி பென்ஷனுக்குத்தான் முடியாது. அதுக்கு நீங்க கல்யாணம் பண்ணிக்கணும், ஃபாரம் தானா நிரம்பிடும்" என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்து மேஜையும் சிரித்தது. அவரும் சிரித்தார். விதிமுறைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் டிபன் சாப்பிடப் போனேன்.

ரிட்டையர் ஆகி இரண்டாம் வருஷம் அவர் போய்விட்டார். நாங்கள் போனபோது அண்ணன் பிள்ளைகள் காரியம் செய்துகொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டதும் காபி கொடுத்ததும் வாத்தியார்தான், சமையலுக்கு வந்த ஆள் மாதிரி. எங்களில் யாரும் அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன உறவு என்று நினைத்துச் சொல்வது? வீட்டு வாடகை ஒப்பந்தம் இறந்தவர் பேரில் இருந்தது. பதின்மூன்றாம் நாளுக்குள் வாத்தியார் காலி செய்துகொண்டு அக்கா ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஐ முறித்து, இது குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17 அன்று, கல்யாணம் மட்டும் எங்களால் கொடுக்க முடியாது என்றது. என் ஃபாரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது பண்டிகைக் காதல் கதை படிக்கும்போது எனக்கு முத்தக் காட்சி முக்கியமில்லை. அந்த வகைக் கதைகளில் கட்டாயம் ஓர் இடம் வரும். பையன் தன் சிநேகிதனைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூட்டிவருகிறான். நெருப்பு மூட்டுகிற கணப்படுப்புப் பக்கத்தில் வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவர் பேரையும் தைத்த காலுறைகள் தொங்குகின்றன. புதிதாக ஒன்று இருக்கிறது, வந்தவன் பேரோடு. அம்மா ராத்திரி உட்கார்ந்து தைத்திருக்கிறாள். இலக்கியமாக அது மட்டம், எனக்கே தெரிகிறது. எத்தனையாவது தடவை படித்தாலும் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. இருபத்தெட்டு தீபாவளிக்கு இரண்டு பஸ்ஸில் போனவர்களைத் தெரிந்தவளுக்கு அது மட்டமான காட்சி இல்லை.

வாத்தியாருக்கு இப்போது எழுபத்தாறு வயது. நம்பர் தேடிப் பிடித்துப் போன மாதம் பேசினேன். முதலில் யாரென்று பிடிபடவில்லை. "ஜாதகம் கொண்டு வருவீங்களே, அந்தம்மாவா?" என்றார். இரண்டு பேருமே அதைத் தாண்டி வேறு விஷயத்துக்குப் போனோம். சாயங்காலம் பொழுது போகவில்லை, படிக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். சுற்றி வளைக்காமல் இந்த மாதிரி நாவல்களைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" சொன்னேன்.

லைனஸ் கதையை அச்சுப் புத்தகமாகவே வாங்கி, பிரவுன் பேப்பர் சுற்றி, நானே தபால் ஆபீஸ் போய் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது.

"வந்துடுச்சும்மா. இன்னும் ஆரம்பிக்கலை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கடைசியில ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்காங்க?"

"ஆமாம் சார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் தபால்ல போட்டேன்."